நாலாவது வந்த பையன்

தேதியை நான் திருத்தவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்த வாதம் இது. அடித்து எழுதவில்லை. சுரண்டவில்லை. யாருக்கும் காசு கொடுக்கவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் என்ன தேதி இருந்ததோ, அதைத்தான் போட்டி விண்ணப்பத்தில் எடுத்தெழுதினேன். அது பொய்த் தேதி என்று தெரிந்துகொண்டே எழுதினேன். இந்தக் கடைசி வரியை மட்டும் இத்தனை நாள் விட்டுவிட்டேன்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். பிள்ளைகள் வாயில் பி.டி. சார். ஏற்காட்டைத் தாண்டி வாழவந்தியில் வீடு. சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயரை எழுத மாட்டேன். தலைமையாசிரியர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு இதில் பங்கில்லை.

இப்போது ஏன் இதைத் தோண்டுகிறேன் என்றால், காரணம் என் பேரன்.

மகள் குடும்பம் அமெரிக்காவில், மின்னசோட்டாவில் இருக்கிறது. பேரனுக்குப் பதினேழு வயது. அவன் டிஸ்க் கால்ஃப் ஆடுகிறான். மரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தட்டை வீசிக்கொண்டே போய், சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்க வேண்டும். கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் கடைசி வீச்சுக்குப் புட் என்று பெயர். குறைந்த வீச்சில் முடிப்பவன் ஜெயித்தான். ஒருநாள் வீடியோ காலில் சொன்னான்.

"தாத்தா, கடைசி ரவுண்டுல ரெண்டு புட் வேணும்னே விட்டேன். ரேட்டிங் 900 ஆயிட்டா அடுத்த டிவிஷனுக்குப் போகணும். அங்க எல்லாரும் செம்மையா ஆடுவாங்க. இங்கயே இருந்தா கப் எனக்குத்தான்."

நான் சிரித்தேன். "கெட்டிக்காரன்டா" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அந்த ரேட்டிங் என்றால் என்ன என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம் என்று ஒன்று, 1976இல் எட் ஹெட்ரிக் என்பவர் ஆரம்பித்தது. உறுப்பினர் எண் 1 அவருடையதுதான்.   சங்கப் போட்டியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. 1000 என்றால் தேர்ந்த ஆட்டக்காரன். சாதாரண மைதானத்தில் ஒரு வீச்சு கூடினால் ஏறக்குறைய 10 புள்ளி குறையும். பிரிவுகள் அந்த எண்ணை வைத்துத்தான். எல்லாருக்கும் திறந்த ஓப்பன் பிரிவு ஒன்று. அமெச்சூர்களில் மேலே அட்வான்ஸ்டு. 935க்குக் கீழே இருந்தால் இன்டர்மீடியட், 900க்குக் கீழே ரெக்ரியேஷனல், 850க்குக் கீழே நாவிஸ். இது போக நாற்பது தாண்டியவர்களுக்கு, ஐம்பது தாண்டியவர்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு என்று தனித்தனிப் பிரிவுகள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரே ஒரு சட்டம். மேலே ஏறி ஆடலாம், கீழே இறங்கி ஆட முடியாது. நாவிஸ் ஆட்டக்காரன் துணிச்சல் இருந்தால் ஓப்பனில் போய்த் தோற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஐம்பது வயதுக்காரர் நாற்பது வயதுக்காரர்களோடு மோதலாம். பெண்கள் ஆண்களோடு சேர்ந்து ஓப்பனில் ஆடலாம். பலமுள்ளவன் பலமில்லாதவர்கள் நடுவே வந்து நிற்கத்தான் வழியில்லை. ஆனாலும் நிற்கிறார்கள், என் பேரனைப் போல. அப்படிப்பட்டவனை அங்கே 'பேகர்' என்பார்களாம். வேண்டுமென்றே மோசமாக ஆடுகிற ரவுண்டு வழக்கத்தைவிட நூறு புள்ளிக்குமேல் இறங்கினால், அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அதனால் கெட்டிக்காரன் கொஞ்சமாகத்தான் தோற்பான். இரண்டு புட், அவ்வளவு.

கேட்டுக்கொண்டே இருந்தேன். அவனைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

2003. எங்கள் பள்ளிக்கு மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மலையில் சமதளம் ஏது? பக்கத்து எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் கொட்டை காயாத மாதங்களில் மட்டும் தட்டெறியப் பழகுவோம். தட்டு களத்தைத் தாண்டினால் சரிவில் உருண்டு காப்பிச் செடிக்குள் போய்விடும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் மோதினால் 'டங்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தேடுவோம்.

நான் விண்ணப்பம் எழுதிய பையன் எட்டாம் வகுப்பு. மலையாளி இனத்துப் பிள்ளை. (கேரளத்துக்காரர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இது இந்த மலையின் பழங்குடி.) லேசாகத் தோளைச் சுழற்றுவான். தட்டு அடுத்த ஆள் எல்லைக்குப் போய் விழும். நான் பார்த்த கைகளில் அப்படி ஒரு கை இல்லை.

பள்ளிப் போட்டிகளில் பிரிவு வயதை வைத்துத்தான். பதினாலுக்குள் ஜூனியர், பதினேழுக்குள் சீனியர், பத்தொன்பதுக்குள் சூப்பர் சீனியர். தட்டின் எடையும் வயதோடு ஏறும். ஆண்களுக்கு 2 கிலோ, இருபது வயதுக்குள் 1.75, பதினெட்டுக்குள் 1.5. எங்கள் ஜூனியர்களுக்கு 1 கிலோ. பதின்மூன்று வயதுப் பையன் அதை விரல் நுனிகளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே மணிக்கட்டு தொங்கும். பதினாறு வயதுக் கைக்கு அது இட்லித் தட்டு.

பதிவேட்டின்படி அவனுக்குப் பதின்மூன்று. மலையில் அந்தக் காலத்தில் பல பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தார்கள். பதிவு இருக்காது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். லேட்டாக வந்த பிள்ளைக்கும் வகுப்புக்குத் தோதான ஒரு தேதியை எழுதிவிடுவார்கள். இவன் ஆடு மேய்த்துவிட்டு லேட்டாக வந்தவன். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதிய தேதி இல்லை அது. கெட்ட எண்ணம் என்னிடமிருந்துதான் வந்தது.

நடந்தது இது. அவன் தங்கை ஏழாம் வகுப்பில் படித்தாள். அவள் உதவித்தொகைக்காக அவர்கள் அம்மா ஒரு ஆஸ்பத்திரி அட்டையைக் கொண்டு வந்தார். வகுப்பாசிரியர் விடுப்பு. அட்டை என் கைக்கு வந்தது. மஞ்சள் அட்டை, மடிப்பில் கிழிந்து, உள்ளே மாட்டுச் சாண வாசனை. பெண் குழந்தை, எடை, பிறந்த நாள், நேரம் எல்லாம் தெளிவாக இருந்தது. பெண் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். தேதியைப் படித்ததும் எனக்கு உறைத்தது. பதிவேட்டில் இருக்கும் அண்ணனின் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் ஐந்து மாத இடைவெளி.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.

"பெரியவனுக்கும் பாப்பாவுக்கும் எத்தன வருசம்மா வித்தியாசம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் தெரியாது என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"அவன் ஓடி ஆடித் திரியுற வயசுலதான் சார் இவ பொறந்தா. மூணு இருக்கும் சார்."

அட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தேன். "பத்திரமா வெச்சுக்கோங்க" என்றேன். அந்த அட்டை வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்ற பயத்தில் சொன்னது அது. அந்த அம்மா என் அக்கறை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். போட்டி விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து நிரப்பினேன். வயது என்ற கட்டத்தில் 13 என்று எழுதியபோது கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. நல்ல கையெழுத்தாகவே விழுந்தது.

ஏன் செய்தேன்? கர்வம். பதினோரு வருடமாக ஒரு பிள்ளைகூட மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. ஒவ்வொரு மீட்டிலும் சமவெளிப் பள்ளிகளின் பி.டி. சார்கள் ஷூ போட்ட பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். என் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்து, முகம் கழுவி, வெறுங்காலோடு வரிசையில் நிற்பார்கள். "மேல இருந்து வந்துட்டீங்களா?" என்பார்கள் என்னிடம். கேலி இல்லை, வெறும் விசாரிப்பு. எனக்குக் கேலியாகக் கேட்டது. சமவெளியிலும் வயதைக் குறைத்துத்தான் கொண்டு வருகிறார்கள், மலைப் பிள்ளைக்கு மட்டும் என்ன நியாயம் என்று மனசுக்குள் பேசிக்கொண்டேன். மலைக்காக ஒரு சொட்டு வருத்தம் அதில் இருந்திருக்கலாம். மீதியெல்லாம் என் பெயர் பேப்பரில் வரவேண்டும் என்ற ஆசை.

போட்டி நாள் காலை. முதல்நாளே சேலத்தில் இறங்கித் தங்கியிருந்தோம். குழாயடியில் பையன் பல் விளக்கிவிட்டு நிமிர்ந்தபோது மேலுதட்டில் ஈரத்தோடு கருகருவென்று மீசை தெரிந்தது. அதுவரை அதை நான் கவனித்ததில்லை என்று சொல்ல முடியாது. என் ஷேவிங் செட்டை எடுத்தேன். "இங்க வா." சோப்பைக் குழைத்து அவன் உதட்டில் பூசினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். புது பிளேடு. மூக்குக்குக் கீழே ஒரு இடத்தில் வெட்டிவிட்டது. படிகாரக் கல்லை வைத்து அழுத்தினேன்.

"எதுக்கு சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"சுத்தமா இருக்கணும்டா மீட்டுல."

அவனுக்குப் புரிந்தது. நான் சொல்வது பொய் என்பதும், இனி அவனும் அதைச் சொல்ல வேண்டும் என்பதும். 2015இல் ராகுல் டிராவிட் பட்டோடி நினைவு உரையில் வயது மோசடியைப் பற்றிப் பேசினார். பெற்றவர்களும் பயிற்சியாளர்களும் சான்றிதழில் ஏமாற்றுவதைப் பார்த்து வளரும் பிள்ளை நாளைக்கு ஏமாற்றுக்காரனாக மாட்டானா என்ற அர்த்தத்தில் அவர் கேட்டதைப் படித்தபோது எனக்கு அந்தப் படிகாரக் கல்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் போய் நின்றான். சுழலவில்லை. நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். 37.62. அடுத்தவன் 33.10. மூன்றாவது 31.48. நாலாவது ஒரு சின்னப் பையன். கிழிந்த பனியன், குச்சிக் கால். ஆனால் ஒன்றரைச் சுற்றுச் சுழன்று எறிந்தான். யாரோ ஒரு வாத்தியார் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசி வீச்சு 31.37. பதினோரு சென்டிமீட்டரில் மூன்றாமிடம் போனது. சான்றிதழ் மூன்று பேருக்குத்தான்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், அந்த அண்ணன் எந்த ஊரு சார்?"

அண்ணன். ஒரே வயதுப் பிரிவில் கூட நின்று எறிந்தவன் கேட்கிறான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, குத்தலும் இல்லை. பெரிய பையனைப் பார்த்தால் நம் பிள்ளைகள் வாயில் தானாக வருகிற சொல். நடுவர்கள் விண்ணப்பத்தைப் பார்த்தார்கள், தலைமையாசிரியரின் முத்திரையைப் பார்த்தார்கள். அவன் ஆளைப் பார்த்தான்.

"ஏற்காடுப்பா" என்றேன்.

"சூப்பரா எறியுறாரு சார்" என்றான். 'எறியுறாரு.' மரியாதை வேறு. பிறகு போய்த் தன் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து வந்து கை கொடுத்தார். என்ன நினைத்துக் கொடுத்தாரோ! புகார் எழுதப் போகிறார் என்று மூன்று மாதம் பயந்தேன். பயந்தது வேலைக்காக, இடமாற்றத்துக்காக. அந்தக் குச்சிக்கால் பையனை அந்த மூன்று மாதத்தில் ஒருநாள்கூட நான் நினைக்கவில்லை.

அவனுக்கு என்ன போயிற்று? ஒரு சான்றிதழ். அது ஒரு காகிதம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் காகிதத்துக்காகத்தானே நான் அத்தனையும் செய்தேன்? ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைக்கு அந்த வயதில் ஒரு மூன்றாமிடம் கிடைத்தால் அடுத்த வருடமும் மைதானத்துக்கு வருவான். கிடைக்காவிட்டால் வீட்டில் "போதும், படி" என்பார்கள். அவன் வந்தானா, நின்றுவிட்டானா?

என் பையனுக்கு என்ன ஆயிற்று என்பது தெரியும். மாநிலப் போட்டியில் ஆறாவது வந்தான். அங்கே சுழன்று எறியும் பிள்ளைகள் இருந்தார்கள். இவனுக்கு நான் சுழலச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. நின்றுகொண்டே எறிந்து ஜெயிக்கிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். சோம்பல், வேறென்ன. இரண்டு வருடத்தில் சீனியர் ஆனான். 1.5 கிலோ தட்டு. காகிதத்தில் பதினைந்து, நிஜத்தில் பதினெட்டு. வளர வேண்டியதெல்லாம் வளர்ந்து முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் அப்போதுதான் வளர ஆரம்பித்தார்கள். மாவட்டத்திலேயே ஏழாவது.

"சார், எனக்குக் கை போயிருச்சு சார்" என்றான், பஸ்ஸில் மலை ஏறும்போது.

அவன் கை அப்படியேதான் இருந்தது. இத்தனை நாள் அவன் சின்னப் பிள்ளைகளோடு மோதிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அவன் தன்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருப்பான். சொன்னால் என் குட்டு வெளிவரும். "பிராக்டிஸ் பத்தல" என்றேன். தப்பு அவனுடையது ஆகிவிட்டது. பத்தாவதோடு நின்றுவிட்டான்.

2016 செப்டம்பரில் மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பெரியவடகம்பட்டி, எங்கள் சேலம் மாவட்டம்தான். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. பதினாலு வயதில் இரண்டு காலும் நன்றாக இருந்த பிள்ளைகளோடு போட்டியில் தாண்டி இரண்டாவது வந்தவர். மேலே ஏறி ஆடியவர். தாண்டு என்று சொன்னவர் ஒரு பி.டி. சார். டீக்கடையில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "உங்க தொழில்ல ஒருத்தர் சாதிச்சுட்டாரு சார்." நானும் பல்லைக் காட்டிக்கொண்டு டீ வாங்கிக் குடித்தேன்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ பாராலிம்பிக்கில் வினோத் குமார் என்ற நம் நாட்டு வீரர் எஃப்52 என்ற பிரிவில் தட்டை 19.91 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். அவர் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார் என்று மறுநாளே முடிவை ரத்து செய்தார்கள். அவர் விஷயத்தைப் பேச எனக்குத் தகுதியில்லை. எனக்கு நினைவிருப்பது வேறொன்று. அந்தச் செய்தி வந்ததும் டிவியை அணைத்துவிட்டேன். மனைவி ஏன் என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

இப்போது இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். அதிலும் முன்னே பின்னே வரும் என்கிறார்கள். 2020இல் கிரிக்கெட் வாரியம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வயதைக் குறைத்தவர்கள் தாங்களாக ஒப்புக்கொண்டால் தண்டனை இல்லை, மறைத்து மாட்டினால் இரண்டு வருடத் தடை. அது ஆடுகிறவர்களுக்கு. விண்ணப்பத்தை நிரப்பியவனுக்கு அப்படி ஒரு வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் 2020இல் நான் போயிருக்க மாட்டேன்.

போன வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்தேன். ஜீப் ஓட்டுகிறான். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவன் தலை நரைத்த கணக்கு எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் சரியாகத் தெரியும். மகளைத் தோளில் உட்காரவைத்திருந்தான்.

"சார் இல்லைன்னா நான் ஸ்டேட்லாம் பாத்திருக்க மாட்டேன் சார். லைஃப்ல பெருசுன்னா அதான் சார்" என்று பொண்டாட்டியிடம் அறிமுகப்படுத்தினான். பிறகு மேலுதட்டைத் தடவிக்கொண்டு சிரித்தான். "மொத சவரமே சார்தான் பண்ணி விட்டாரு."

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவனிடம் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பேரனுக்குத் தமிழ் படிக்க வராது. இதை அவன் அம்மா படித்துச் சொல்லட்டும். நம் மலை முழுக்க மரம், டிஸ்க் கால்ஃபுக்கு என்றே செய்தது போல இருக்கிறது என்பான் அவன். அடுத்த முறை வரும்போது காப்பிக் களத்துக்குக் கூட்டிப்போய் நானே நேரில் சொல்வதாக இருக்கிறேன். இருக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

அன்றைய முடிவுத் தாளின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கார்பன் எழுத்து மங்கிவிட்டது. ஜூனியர் ஆண்கள், தட்டு எறிதல். அந்தக் குச்சிக்கால் பையனைத் தேடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இந்த மாதம் அதைத் தேடி எடுத்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, பெயர், பள்ளி, தூரம். நாலாவதுக்கு அந்தத் தாளில் கோடே போடவில்லை.